குற்றச்சாட்டுத் தாளில் என்ன இருக்கிறது, வழக்கறிஞரிடம் என்ன சொல்ல வேண்டும்

"அவர் மேல கேஸ் போட்டுட்டாங்க" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்திலேயே, கேட்பவர் மனத்தில் அந்த ஆள் பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறார். குற்றவியல் வழக்குகளைப் பற்றி நம்மிடையே பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதி சினிமா கோர்ட் காட்சிகளில் இருந்து வந்தது, மீதி ஊரில் சொந்தக்காரர் யாருக்கோ நடந்ததில் இருந்து வந்தது. சிங்கப்பூரில் நடப்பது இரண்டோடும் சேராது.

"புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சிடும்." "ஒத்துக்கிட்டா ஃபைனோட விட்டுடுவாங்க." "லாயர் பக்கத்துல உக்காராம போலிஸ்கிட்ட பேசவே முடியாது." தேக்கா காப்பிக்கடையில், தங்குவிடுதியில், வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மூன்றும் அறிவுரையாகவே சுற்றுகின்றன. மூன்றும் தவறு. இவற்றை நம்பி முதல் வாரத்தில் எடுத்த முடிவைப் பிறகு மாற்ற முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். இது பொது விளக்கம். உங்கள் வழக்குக்கு என்ன செய்வது என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு

போலிஸ் விசாரிக்கிறது. தேவைப்பட்டால் கைது செய்கிறது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவர் சந்தேக நபர் மட்டுமே. விசாரணை அதிகாரியை எல்லாரும் 'ஐஓ' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவர் ஆதாரங்களைத் திரட்டுகிறார்.

குற்றம் சாட்டுவதா வேண்டாமா, சாட்டினால் எந்தப் பிரிவில் என்பதை இறுதியில் முடிவு செய்பவர் அரசாங்க வழக்கறிஞர். சிங்கப்பூரில் தலைமைச் சட்ட அதிகாரியே அந்தப் பொறுப்பையும் வகிக்கிறார். அந்த அதிகாரத்தை அவருக்குத் தருவது அரசமைப்புச் சட்டம். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றும் வழக்கறிஞர்கள் அவர் சார்பில் நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள். குற்றச்சாட்டு என்பது "இவர் இன்ன குற்றத்தைச் செய்தார் என்று நாங்கள் சொல்கிறோம்" என அரசுத் தரப்பு எழுத்தில் வைக்கும் வாதம். அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அந்தத் தரப்புடையதுதான்.

வாபஸ் பேச்சு ஏன் எடுபடாது என்பது இப்போது புரியும். உங்களை அடித்தவர் மீது நீங்கள் புகார் கொடுத்தால், அந்த வழக்கு உங்களுடையது அல்ல. நீங்கள் அதில் ஒரு சாட்சி. மனம் மாறி "வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்லலாம். அதை அரசுத் தரப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் முடிவு உங்கள் கையில் இல்லை. சாதாரணமாகக் காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. போலிஸ் விசாரணை தொடங்கிவிட்டால் அதற்கும் அரசாங்க வழக்கறிஞரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பேசப் போவது நம் ஊர்ப் பழக்கமாக இருக்கலாம், இங்கே அது ஆபத்து. சாட்சியை மிரட்டவோ மாற்றவோ முயன்றார்கள் என்று அதுவே தனிக் குற்றச்சாட்டாக வந்து நிற்கலாம். சமரசம் பேச வேண்டுமானால் வழக்கறிஞர் மூலம் பேசுங்கள்.

எல்லா விசாரணையும் நீதிமன்றம் வரை போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் அரசுத் தரப்பு மேல்நடவடிக்கை எடுக்காது. சிலவற்றில் கடும் எச்சரிக்கையோடு முடியும்.

தாளை வரி வரியாகப் படியுங்கள்

குற்றச்சாட்டுத் தாள் பெரும்பாலும் ஒரே பத்திதான் இருக்கும். பதற்றத்தில் பலர் அதை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். வழக்கு முழுவதும் அந்த ஒரு பத்திக்குள்தான் இருக்கிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. தோ பாயோவில் வசிக்கும் ஓர் அக்கா பேரங்காடியில் பொருள்களைத் தாமே ஸ்கேன் செய்து காசு கட்டும் கவுண்ட்டரில் காசு கட்டிவிட்டு வெளியே வருகிறார். தள்ளுவண்டிப் பையின் அடியில் ஒரு முகக் களிம்பு ஸ்கேன் செய்யப்படாமல் கிடக்கிறது. அவருக்குக் கிடைக்கும் தாள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நீங்கள், 2025 மார்ச் 12ஆம் தேதி மாலை சுமார் 7.40 மணிக்கு, தோ பாயோவில் உள்ள இன்ன பேரங்காடியில், அதன் வசம் இருந்த 32 வெள்ளி மதிப்புள்ள முகக் களிம்பு ஒன்றைத் திருடினீர்கள். அதன்வழி தண்டனைச் சட்டத்தின் 380ஆவது பிரிவின்கீழ்த் தண்டிக்கத்தக்க குற்றம் புரிந்தீர்கள்."

யார், எப்போது, எங்கே, எந்தப் பொருள், என்ன மதிப்பு, எந்தப் பிரிவு. ஒவ்வொன்றும் முக்கியம். பிரிவு எண்ணையே பாருங்கள். 379 என்றால் சாதாரணத் திருட்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 380 என்றால் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு, 7 ஆண்டு வரை சிறை விதிக்கவும் அபராதம் விதிக்கவும் இடமுண்டு. கடைத் திருட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் வருகின்றன. உடனே '7 வருஷமா!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது சட்டத்தின் உச்சவரம்பு. முதல்முறை, சிறு தொகை என்றால் நடைமுறைத் தண்டனை அதற்கு எங்கோ கீழே இருக்கும்.

இப்போது 'திருட்டு' என்ற குற்றத்தைப் பிரித்துப் பார்ப்போம். அசையும் பொருள் ஒன்று வேண்டும். அது இன்னொருவர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அதை நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தியபோது நேர்மையற்ற நோக்கம் இருந்திருக்க வேண்டும். இவை அந்தக் குற்றத்தின் கூறுகள். புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எல்லாப் புள்ளியும் இருந்தால்தான் கோடு சுற்றி வந்து மூடும். ஒரு புள்ளி விட்டுப்போனால் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் கோலம் முடியாது. புள்ளிகள் அனைத்தையும் வைத்துக் கோட்டை மூட வேண்டியது அரசுத் தரப்பு. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. தற்காப்பு வழக்கறிஞர் பதிலுக்கு வேறொரு கோலம் போட வேண்டியதில்லை. எந்தப் புள்ளி இல்லை என்று காட்டினால் போதும்.

அக்காவின் வழக்கில் பொருள் இருக்கிறது, கடையுடையது, காசு கட்டவில்லை, வெளியே கொண்டு வந்தார். இதில் எதையும் அவர் மறுக்கவில்லை. கேள்வி முழுவதும் நான்காவது கூறில்தான் இருக்கிறது: மறந்தாரா, மறைத்தாரா? மனத்துக்குள் இருந்ததை யாரும் நேரில் பார்க்க முடியாது என்பதால் நடத்தையை வைத்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். கண்காணிப்புக் கேமராவில் அவர் களிம்பை எடுத்து, இரு பக்கமும் பார்த்துவிட்டு, துணிக்கு அடியில் சொருகுவது தெரிந்தால் ஒரு கதை. கைப்பேசியில் பேசிக்கொண்டே மற்றப் பொருள்களோடு சேர்த்துப் போடுவது தெரிந்தால் வேறு கதை. முன்பு இதேபோல் பிடிபட்டிருக்கிறாரா, கையில் காசு இருந்ததா, நிறுத்தியபோது என்ன சொன்னார், எல்லாமே எடை போடப்படும்.

ஒரு விலக்கு உண்டு. சில சட்டங்களில் குறிப்பிட்ட விஷயம் நிரூபணமானால் மற்றதைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும். போதைப்பொருள் சட்டம் அப்படி. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று காட்டப்பட்டால், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என ஊகிக்கப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் மேல் வந்துவிடும். "யாரோ கொடுத்த பார்சல்" என்ற பதில் தனியாக நிற்காததற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: குற்றச்சாட்டு ஒரு வாதம்தான், தீர்ப்பு அல்ல. "நடந்தது உண்மை" என்பதும் "குற்றம் நிகழ்ந்தது" என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு பெரும்பாலும் நோக்கத்தில் இருக்கிறது.

வாக்குமூலம்: வழக்கின் பாதி இங்கேயே எழுதப்படுகிறது

கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கைதான நிமிடத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்பதில்லை. நியாயமான கால அவகாசத்துக்குள் கிடைத்தால் போதும் என்பது நீதிமன்றங்களின் விளக்கம். எனவே முதல் வாக்குமூலம் பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலேயே பதிவாகிவிடும். "உங்களுக்கு மௌனமாக இருக்க உரிமை உண்டு" என்று ஹாலிவுட் போலிஸ் சொல்வதுபோல் இங்கே யாரும் சொல்லித்தர வேண்டிய கட்டாயமும் இல்லை.

வாக்குமூலத்தில் இரண்டு வகை உண்டு. போலிஸ் விசாரணையின்போது எடுப்பது முதல் வகை. அதில் தெரிந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும், ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பொய் சொல்வது மட்டும் கூடவே கூடாது. பொதுச் சேவையாளரிடம் பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம்.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிவிட்டு எடுப்பது இரண்டாவது வகை. 'எச்சரிக்கை வாக்குமூலம்' என்று பெயர். உங்கள் தற்காப்பு எதுவோ அதை இப்போது சொல்லாமல் வைத்திருந்து நீதிமன்ற விசாரணையில் முதல்முறையாகச் சொன்னால், நீதிபதி அதை நம்புவதற்கான வாய்ப்பு குறையலாம் என்று அதில் எழுத்துமூலம் எச்சரிப்பார்கள். "வாயே திறக்காதே" என்ற அறிவுரை இங்கேதான் கவிழ்த்துவிடுகிறது. அக்கா உண்மையிலேயே மறந்திருந்தால், "போனில் பேசிக்கொண்டிருந்தேன், பையின் அடியில் இருந்ததைக் கவனிக்கவில்லை" என்பது அந்தத் தாளில் அன்றே இடம்பெற வேண்டும்.

மொழி இங்கே பெரிய விஷயம். வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்படும். தமிழில்தான் சரியாகச் சொல்ல வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும் சார்" என்று மரியாதைக்காகச் சொல்லிவிடாதீர்கள். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவார்கள். அப்போது ஒவ்வொரு வரிக்கும் "ஆமா சார், ஓகே சார்" என்று தலையாட்டுவது நம்மவர் பலருக்குப் பழக்கம். வேலையிடத்தில் சூப்பர்வைசரிடம் சொல்வது போலவே வாயில் வந்துவிடுகிறது. தவறாக இருக்கும் வரியை நிறுத்தித் திருத்தச் சொல்வது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை. ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால், உங்கள் கையெழுத்துதான் முதலில் எதிரே நிற்கும்.

முதல் நாள் நீதிமன்றம்

பெரும்பாலான வழக்குகள் ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களில் தொடங்குகின்றன. முதல் நாள் நடப்பது விசாரணை அல்ல, 'மென்ஷன்'. குற்றச்சாட்டு வாசிக்கப்படும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நீதிபதி கேட்பார், அடுத்த தேதி கொடுப்பார். நீதிமன்ற மொழி ஆங்கிலம்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் நீதிமன்றமே ஏற்பாடு செய்யும். அன்றைக்கே "ஒத்துக்கொள்கிறேன்" என்றோ "மறுக்கிறேன்" என்றோ சொல்லிவிட வேண்டிய நெருக்கடி இல்லை. "வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் வேண்டும்" என்று சொல்லலாம். அதைச் சொல்வதால் யாரும் உங்களைக் குற்றவாளியாக நினைக்க மாட்டார்கள்.

வழக்கு முடியும்வரை வெளியே இருக்கப் பிணை தேவைப்படலாம். பிணையாளி என்பவர் வெறுமனே பணம் கட்டுபவர் அல்ல. நீங்கள் ஒவ்வொரு தேதிக்கும் வருவீர்கள் என்று உறுதி தருபவர். நீங்கள் வராவிட்டால் அவர் தொகையை இழக்க நேரிடும். பொதுவாக 21 வயது நிரம்பிய சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ இதற்கு முன்வர வேண்டும். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இது பெரும் சிரமம். அவர்களுடைய பாஸ்போர்ட் ஒப்படைக்கப்படும், வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்பு அனுமதி அட்டை கொடுக்கப்படலாம். 'பிணையில் விடத்தகாத குற்றம்' என்று தாளில் பார்த்ததும் பிணையே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பிணை உரிமையாகக் கிடைக்காது, கொடுப்பதா என்பது நீதிபதியின் விருப்புரிமை என்பதே அதன் பொருள். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களில்தான் பொதுவாகக் கதவு மூடியிருக்கும்.

ஒத்துக்கொள்வதா, விசாரணை கேட்பதா

"ஒத்துக்கிட்டா ஃபைன்" என்ற பேச்சில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால்தான் அது இவ்வளவு பரவுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் வழிகாட்டுதல்படி, தொடக்கக் கட்டத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறைக்கலாம். தாமதிக்கத் தாமதிக்க அது 20, 10, 5 என்று இறங்கும். ஆனால் குறைப்பு வேறு, அபராதத்தோடு விடுவது வேறு. சிறைத்தண்டனை விதிக்க வேண்டிய குற்றத்தில் நாள்கள் குறையுமே தவிர, சிறை அபராதமாக மாறிவிடாது.

ஒப்புக்கொள்பவரிடம் 'சம்பவ அறிக்கை' ஒன்று வாசிக்கப்படும். அரசுத் தரப்பு தயாரித்தது. அதில் உள்ளதை நிபந்தனை இல்லாமல் ஏற்க வேண்டும். அக்கா "ஒத்துக்கிறேன்யா, ஆனா மறந்துதான் போச்சு" என்கிறார் என்று வையுங்கள். மறந்தது என்றால் நேர்மையற்ற நோக்கம் இல்லை. நோக்கம் இல்லை என்றால் திருட்டே இல்லை. நீதிபதி அந்த ஒப்புதலை ஏற்க முடியாது, வழக்கு விசாரணைக்குப் போகும். அவமானத்துக்கு அஞ்சிச் சீக்கிரம் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். செய்யாத குற்றத்தை ஏற்பது குற்றப்பதிவாக நிற்கும், வேலை அனுமதியைப் பாதிக்கும், பிறகு அழிப்பது மிகக் கடினம். செய்தது உண்மையென்றால் விசாரணை கேட்டு இழுத்தடிப்பதிலும் பயனில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. வழக்கறிஞர் அரசுத் தரப்புக்குக் கடிதம் எழுதி, குற்றச்சாட்டை மீட்டுக்கொள்ளுமாறோ குறைந்த பிரிவுக்கு மாற்றுமாறோ, எச்சரிக்கையோடு முடிக்குமாறோ கேட்கலாம். இதற்கு 'முறையீடு' என்று பெயர். மருத்துவ அறிக்கை, ரசீது, குடும்பச் சூழல் எல்லாம் இதில்தான் எடைபெறும். குற்றச்சாட்டுகள் பல இருந்தால் சிலவற்றை மட்டும் நடத்தி, மற்றவற்றைத் தண்டனையின்போது 'கவனத்தில் எடுத்துக்கொள்ள' ஒப்புக்கொள்வதும் உண்டு. அவற்றுக்குத் தனித் தண்டனை இல்லை, ஆனால் மொத்தத் தண்டனை கூடலாம்.

வழக்கறிஞரிடம் எப்படிப் பேசுவது

வழக்கறிஞரிடம் நல்ல பெயர் வாங்க முயல்வதுதான் நம் மக்கள் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். "படிச்சவர், மரியாதைக்குரியவர், அவர் முன்னால எப்படிச் சொல்றது" என்று பாதியை விழுங்கிவிடுகிறார்கள். அண்ணன் முன்னால், மாமனார் முன்னால் பேச வேண்டியிருந்தால் இன்னும் மோசம். நீங்களும் வழக்கறிஞரும் பேசுவது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இரகசியம். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதை வெளியே சொல்ல முடியாது. குடும்பத்தாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதல் சந்திப்பைத் தனியாக நடத்துங்கள். கட்டணம் அண்ணன் கட்டினாலும் கட்சிக்காரர் நீங்கள்தான்.

உண்மையைச் சொன்னால் கைவிட்டுவிடுவாரோ என்று அஞ்ச வேண்டாம். நீங்கள் செய்ததாகச் சொன்னாலும் அவர் உங்களுக்காக நிற்க முடியும், அரசுத் தரப்பின் ஆதாரங்களைச் சோதிக்க முடியும், தண்டனைக் குறைப்புக்கு வாதாட முடியும். நீதிமன்றத்தில் பொய்யை உண்மை என்று வைப்பது மட்டும்தான் அவரால் முடியாது. நீங்கள் மறைத்த ஒன்று கேமராப் பதிவில் இருந்து வெளியே வந்தால், அவர் கட்டிய வாதம் முழுவதும் நீதிபதி முன்னாலேயே சரியும்.

போகும்போது குற்றச்சாட்டுத் தாள், பிணைப் பத்திரம், அடுத்த தேதி, ரசீதுகள், நடந்ததை நேர வரிசையில் நீங்களே தமிழில் எழுதிய ஒரு பக்கம், இவற்றைக் கொண்டு போங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமானதை அழிப்பது நீதிக்கு இடையூறு என்ற கடுமையான குற்றச்சாட்டுக்கு வழி வகுக்கும்.

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொண்டு முடிப்பதற்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, நாள் கூடினால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். "ஜெயித்தால் மட்டும் பணம் கொடுங்கள்" என்ற ஏற்பாட்டுக்குக் குற்றவியல் வழக்கில் இங்கே அனுமதி இல்லை. "நிச்சயம் விடுதலை வாங்கித் தருகிறேன்" என்று உறுதி சொல்பவரிடமும், கமிஷனுக்கு வழக்குப் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகரிடமும் விலகி இருங்கள்.

வசதி இல்லாதவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரில் தொடங்கிய பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆஃபிஸ், வருமான அளவைப் பார்த்து வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. சட்ட அமைச்சின்கீழ் இயங்கினாலும் அது குற்றம் சாட்டும் தரப்பு அல்ல, உங்கள் தரப்பு. இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு வெளிநாட்டு ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம். மரண தண்டனைக்குரிய வழக்கென்றால் நாடு, வருமானம் எதையும் பார்க்காமல் உச்ச நீதிமன்றத் திட்டத்தின்கீழ் வழக்கறிஞர் நியமிக்கப்படுவார்.

சுருங்கச் சொன்னால், வழக்கறிஞர் உங்களிடம் எதிர்பார்ப்பது முழுத் தகவலை. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு கடைசிவரை உங்களுடையது. அவர் ஆலோசனை சொல்வார், உங்களுக்காக முடிவெடுக்க மாட்டார்.

முடிந்தது போலத் தோன்றும்போது

அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டால், நீதிமன்றம் எந்த வகை உத்தரவு போட்டது என்று கட்டாயம் கேளுங்கள். 'விடுதலைக்கு ஈடான விடுவிப்பு' என்றால் அதே குற்றத்துக்கு மீண்டும் உங்கள்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. 'விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு' என்றால் புதிய ஆதாரம் கிடைக்கும்போது மறுபடி குற்றம் சாட்டலாம். இரண்டாவதை முதலாவது என்று நினைத்து ஊருக்குப் போன் செய்து இனிப்புக் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தண்டனை விதிக்கப்பட்டால் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 14 நாள் அவகாசம். தண்டனை அதிகம் என்று நினைத்தாலும், தீர்ப்பே தவறு என்று நினைத்தாலும் அதே காலக்கெடுதான். மேல்முறையீடு முடியும்வரை பிணையில் இருக்க அனுமதி கேட்கலாம். மேல்முறையீட்டில் தண்டனை குறைய மட்டுமல்ல, கூடவும் வாய்ப்பு இருப்பதால், அந்த 14 நாளுக்குள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தீர்ப்பில் எந்த இடத்தில் நீதிபதி தவறியிருக்கிறார் என்பது.